ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்க வேண்டும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் விசிலக்கா என்று சொன்னால்தான் அவளை யாருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக நான்காம் எண் பேருந்தில் உதவியாளர். பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றுவது, இறக்குவது, சண்டை போட்டால் விலக்குவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, வண்டி பின்னால் போகும்போது கீழே நின்று விசில் ஊதுவது, எல்லாம் அவள் வேலை. அந்த வண்டியை ஓட்டியவர் அவள் கணவர். காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே வண்டியில் சுற்றி, மத்தியானம் ஒரே பையைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். "உங்களுக்கென்னப்பா, குடும்பத்தோட ஊர் சுத்தறதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

அந்தக் கிண்டல் நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஒரு வெயில்காலக் காலை. வண்டி பள்ளிக்கூட வாசலில் நின்றதும் ஒரு பையன் சட்டையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டான். கடைசிப் பிள்ளை இறங்கியதும் வண்டிக்குள் கடைசி இருக்கைவரை நடந்துபோய், குனிந்து பார்த்து வருவது உதவியாளர் வேலை. அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கையில் அழுகிற பையன், மறுகையில் அவன் பை. கணவர் ஸ்டியரிங்கில் இருந்தபடியே திரும்பிப் பார்த்து, "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் பையனைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் அறைக்கு ஓடினாள். அவர் வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பின்னிருக்கையில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மெக்கானிக் ஏதோ பல்பு மாற்றப் போனபோதுதான் பார்த்தான். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தது. பிறகு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

விசாரணை நடந்த அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் முதல்வரும் நிர்வாகத்து ஆட்களும், மூலையில் குழந்தையின் அப்பா. கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாக்கவேண்டியது அவ வேலைதான் சார். ஆனா வண்டி என் பொறுப்பு. என் பேர்லயே எழுதிக்குங்க. அவ வேலைய மட்டும் விட்டுடுங்க" என்றார்.

அறையில் எல்லாருக்கும் அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. குழந்தையின் அப்பாகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கணவர் வேலை போயிற்று, அவள் வேலை தங்கிற்று. 'நீ போ, நான் பாத்துக்கறேன்' என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றுகிற மனுஷனை எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுப்பதா என்று அவள் மென்று முழுங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, மெதுவாக, "நீங்கதானே பாத்துக்கறேன்னு சொன்னீங்க?" என்று கேட்டபோது, "நான் எப்ப சொன்னேன்?" என்றார். கோபம்கூட இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் மாதிரி கேட்டார். பத்துத் தடவை அப்படிக் கேட்டால் யாருக்கும் தன் காதுமேலேயே சந்தேகம் வந்துவிடும். அவளுக்கும் வந்தது.

அதற்கப்புறம் அவருக்கு ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார வேண்டும். பதினான்கு வருஷம் பெரிய வண்டி ஓட்டிய கை. சாப்பாட்டில் உப்புக் கம்மியானால் "ம், இதுக்காகத்தான் வேலைய விட்டேன்" என்பார். விளக்கு எரியாவிட்டாலும் அதே பேச்சு. அவள் ஒரு நாள் தலைவலி என்று படுத்தால், "படு, படு. உனக்காகப் பட்டவன் நான் உக்காந்துதானே இருக்கேன்" என்பார். அடிக்கவில்லை, திட்டவில்லை. குத்திக்காட்டுவதை மட்டும் ஒரு நாள் தவறாமல் செய்தார்.

இந்த நிலையில்தான் போக்குவரத்து மேலாளர் அவளைக் கூப்பிட்டு விட்டார்.

"ரெண்டு டிரைவர் ஒரே மாசத்துல போயிட்டாங்க. உங்கிட்ட வேன் லைசென்ஸ் இருக்குல்ல?"

இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனுடைய ரொட்டி வேனை அவள்தான் ஓட்டினாள்.

"பள்ளிப் பேருந்து லைசென்ஸ் எடுத்துடு. எழுத்துத் தேர்வு ஒண்ணு, வண்டியப் பரிசோதிச்சுக் காட்டணும், ரோட்டுல ஓட்டிக் காட்டணும். மூணும் தேறிட்டா நாலாம் நம்பரே உனக்குத்தான். பொம்பளை டிரைவர்னா பெத்தவங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி" என்றார் மேலாளர்.

வீட்டில் சொன்னாள். கணவர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கை கழுவிக்கொண்டே, "என் சீட்டுல நீ உக்காரப் போற" என்றார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. நானே சொல்லித்தர்றேன். வெளியில எவன்கிட்டயோ போய்க் கத்துக்கிட்டு என் மானத்த வாங்காத."

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற மகள், சாப்பிட்டுக்கொண்டே அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். அப்பா சம்மதித்ததே பெரிய விஷயம் என்று அர்த்தம்.

அவருடைய பழைய கூட்டாளி ஒருவரிடம் வாடகைக்கு விடுகிற பழைய பேருந்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா நிற்கும். மூடிக்கிடந்த ஒரு ஆலையின் முற்றத்தில் நான்கு எண்ணெய் பீப்பாய்களை வைத்து ஓட்டப் பழக்கினார். ஒன்று சொல்லியாக வேண்டும், ஓட்டுவதில் அவர் கெட்டிக்காரர். "முன்னால ரோட்ட எவனும் பாப்பான். உன் பின்சக்கரம் இப்ப எங்க இருக்கு, சொல்லு" என்பார். சரியாகச் சொல்கிறவரை வண்டியை நகர்த்த விடமாட்டார். வளைவில் மூக்கை எவ்வளவு தூரம் வெளியே விட வேண்டும், குழந்தைகள் நிற்கும்போது பிரேக்கை எப்படிப் பட்டும் படாமலும் மிதிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுநடுவே, "விசில் ஊதற மாதிரி நெனச்சியா?" என்றும் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள்.

ஐந்தாவது ஞாயிறு. இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே வண்டியைப் பின்னுக்கு விட வேண்டும். மூன்று வாரமாக ஏதாவது ஒரு பீப்பாய் உருண்டது. அன்றைக்கு நூல் பிடித்த மாதிரி உள்ளே போய் நின்றது. அவர் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டி, வாய்விட்டுச் சிரித்தார். "அப்படிப் போடு!" என்றார். அவளும் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு. பிறகு அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ, முகம் சட்டென்று இறுகிவிட்டது. "போதும், எறங்கு" என்றார்.

எழுத்துத் தேர்வுக்கான புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தது. சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே அதை விரித்து வைத்துப் படித்தாள். அதில் காற்றுப் பிரேக் பற்றி ஒரு பக்கம். எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை ஒரு நிமிடம் முழுதாக மிதித்துப் பிடிக்க வேண்டும். காற்றழுத்த முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். குறித்த அளவுக்கு மேல் இறங்கினால் வண்டியை எடுக்கவே கூடாது. படித்துவிட்டுக் கணவரிடம் கேட்டாள்.

"இது நாம பழகவே இல்லியே?"

அவர் செய்தித்தாளை இறக்காமலே, "அது டிரெய்லர் வண்டிக்கு. நம்ம வண்டிக்கெல்லாம் கேக்கமாட்டான். புத்தகம் எழுதறவன் பக்கத்த ரொப்பணும்ல" என்றார்.

"நெஜமாவா?"

"பதினாலு வருஷம் ஓட்டினவன் நானா, நீயா?"

அவள் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டாள்.

எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அடுத்த வாரம் வண்டித் தேர்வு. சோதனை அதிகாரி ஒரு பெண். குட்டை முடி, கையில் அட்டை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. கூட்டாளியின் பேருந்தைச் சுற்றி நடந்தபடி விசிலக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். விளக்குகள், சக்கரம், கண்ணாடி, அவசரக் கதவு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. குரல் நடுங்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். அதிகாரி பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.

"அடுத்து?"

"ஸ்டார்ட் பண்ணட்டுமா மேடம்?"

"பிரேக்?"

"மிதிச்சுப் பாத்துட்டேன் மேடம். நல்லா இருக்கு."

"இது காத்துப் பிரேக். காத்து கசியுதா இல்லியான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

விசிலக்காவுக்கு அந்தப் பக்கம் கண்முன்னால் வந்தது. எழுத்து தெரிந்தது. அதன்மேல் அவள் போட்ட கோடும் தெரிந்தது.

"அது… டிரெய்லர் வண்டிக்குத்தானே மேடம்?"

அதிகாரி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "யார் சொன்னது?"

விசிலக்கா பெல்ட்டைக் கழற்றினாள்.

"எறங்குங்க. இந்தச் சோதனை தெரியாதவங்கள நான் வாசல் கேட்டத் தாண்ட விடமாட்டேன். ஒரு மாசம் கழிச்சு வாங்க." அட்டையில் ஒரு கோடு கிழித்து, தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

வாசல் கேட்டைக்கூடத் தாண்டவில்லை. ஐந்து ஞாயிறு பழகிய வளைவும் திருப்பமும் அப்படியே உள்ளே கிடந்தன. வீட்டில் கணவர், "என்னாச்சு?" என்றார். சொன்னாள். "ம். பதறியிருப்ப. எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

வேண்டுமென்றே செய்துவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இரவெல்லாம் அந்த நினைப்பு நெஞ்சை அறுத்தது. கூடப் படுத்திருக்கிற மனுஷன், கையைப் பிடித்துத் தன்னைக் கிணற்றடிவரை கூட்டிப்போய்த் தள்ளிவிட்டார் என்று. ஆனாலும் உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கியபின் கொட்டகைக்குப் போனாள். பன்னிரண்டு வருஷமாக இருக்கிற மெக்கானிக், ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம் பிரேக்க மிதிச்சுப் பிடிச்சுக் காத்துப் பாக்கறது இருக்கே. அது நம்ம நாலாம் நம்பருக்கு உண்டா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? எல்லா வண்டிக்கும் உண்டு. தெனமும் காலையில மொத வேலையே அதுதான்."

"அவர் பண்ணுவாரா?"

மெக்கானிக் கையைப் பழந்துணியில் துடைக்க ஆரம்பித்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இது தெரிய நியாயமில்லை. கணவர் கொட்டகைக்குப் போய் வண்டியை எடுத்து வருவதற்குள் அவள் அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"விடுங்கக்கா. போன கதை."

"சொல்லுப்பா. நான் பெயில் ஆயிட்டு வந்து நிக்கறேன்."

அவன் துணியைக் கீழே போட்டான். "வருவாரு, சாவிய வாங்குவாரு, எடுத்துட்டுப் போயிடுவாரு. பதினாலு வருஷம்ங்கறீங்க, நான் பாத்த பத்து வருஷத்துல அவர் ஒரு நாள்கூட அந்தச் சோதனையப் பண்ணி நான் பாக்கல. எப்படிப் பண்றதுன்னு அவருக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம். நோட்டுல டிக் அடிக்கறது நான். கேட்டா 'எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ கையெழுத்துப் போடு'ம்பாரு. கை சுத்தமான மனுஷன்க்கா, பூ மாதிரி ஓட்டுவாரு, அதுல குறை சொல்லக்கூடாது. ஆனா எறங்கிப் போய்க் குனிஞ்சு ஒண்ணப் பாக்கறதுன்னா அவருக்கு வணங்காது."

நான் பாத்துக்கறேன்.

அவள் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷமாகத் தன் காது பொய் சொல்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். காது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். மகள் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காத்துச் சோதனை நம்ம வண்டிக்கும் உண்டாம். எதுக்கு இல்லைன்னு சொன்னீங்க?"

அவர் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டார். பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா, வேணும்னுதான் சொன்னேன். என் சீட்டுல நீ உக்கார்றத என்னால பாக்க முடியாது. போதுமா?" என்றார்.

"அப்பா!" மகள் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தாள். "என்னப்பா மனுஷன் நீங்க?"

அவர் மகளைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். விசிலக்கா அந்த விரல்களையே பார்த்தாள். கோபம் வரவில்லை. உள்ளே ஏதோ விட்டுப்போனது.

"பொய்" என்றாள்.

"என்ன பொய்?"

"வேணும்னு செய்யல. உங்களுக்கு அது தெரியாது. ஒரு நாள்கூட நீங்க பண்ணினதில்ல. தெரியலைன்னு சொல்ல வாய் வராம டிரெய்லர், அது இதுன்னு சப்பைக்கட்டுக் கட்டினீங்க. இப்ப பொண்ணு முன்னால கெட்டவன்னு பேர் எடுத்தாலும் பரவால்ல, தெரியாதவன்னு பேர் எடுக்கக்கூடாது. அப்படித்தானே?"

மகள் ஒருவரையும் மற்றவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னைக்கு வாசல்ல, 'நீ போ, நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. சொன்னீங்களா, இல்லியா?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"சொன்னேன்" என்றார். "சொன்னா? பாக்கவேண்டியது உன் வேல. நான் சொன்னா நீ போயிடறதா? நம்பினது உன் தப்பு."

ஒன்றரை வருஷமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அந்த 'சொன்னேன்'தான். கிடைத்துவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்றது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி இருந்தது. ஏனென்றால் அதில் ஒரு பாதி உண்மை. பையனை ஒரு நிமிஷம் கீழே நிற்க வைத்துவிட்டு, அவள் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பாடம் இல்லை. கூட்டாளியின் வண்டியை அவளே நேரில் போய்த் தேர்வு நாளுக்கு மட்டும் கேட்டு வாங்கினாள். மற்ற நாளெல்லாம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கொட்டகைக்குப் போனாள். மெக்கானிக் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொள்வான். எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, காலால் மிதித்துப் பிடிப்பாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது. கெண்டைக்கால் நடுங்கும். கண் முள்ளிலேயே இருக்க வேண்டும். முதல் நாள் அது முடியவே முடியாது போலிருந்தது. பதினான்கு வருஷம் தினமும் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து அந்த மனுஷன் என்ன செய்தார் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு டீ குடித்திருப்பார், அவ்வளவுதான்.

"ஆச்சுக்கா, காலை எடுங்க" என்பான் மெக்கானிக். அவள் இன்னும் கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருப்பாள்.

மகள் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பாள். "ரயில்வே கேட் தெறந்திருக்கு, ரயில் வரல. என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்தணும். கதவத் தெறக்கணும். சத்தம் போடாதீங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லணும். காது குடுத்துக் கேக்கணும். அப்புறம்தான் நகரணும்."

"பின்னால இருக்கறவன் ஹாரன் அடிக்கறான்?"

"அடிக்கட்டும்."

உள்ளறையில் அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு மாதம் கழித்து அதே இடம், அதே குட்டை முடி அதிகாரி. விசிலக்கா ஏறி உட்கார்ந்து, கேட்காமலே எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, மிதித்துப் பிடித்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆனதும், "போதும், வண்டிய எடுங்க" என்றாள். சாலையில் முக்கால் மணி நேரம். தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்தாள். பின்னால் ஒரு லாரி நிஜமாகவே ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. திரும்பி வந்ததும் அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "இந்தத் தடவை யார் சொல்லித்தந்தது?" என்று கேட்டாள். "புத்தகம் மேடம்" என்றாள் விசிலக்கா. அதிகாரிக்கு அது பிடித்திருக்க வேண்டும், தலையை ஒரு தடவை ஆட்டினாள்.

அந்தத் தாளோடு அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனாள். நான்காம் எண்ணின் பழைய நிறுத்தம்தான், வழி தெரியும். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் அம்மா வந்து நின்றாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். கதவைத் திறக்கவில்லை.

"நான் இனிமே வண்டி ஓட்டப் போறேம்மா. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடணும்னு வந்தேன். அன்னைக்கு உள்ள போய்ப் பாக்கறேன்னு சொன்னது அவர். அவர் சொன்னதாலதான் நான் எறங்கிப் போனேன். விசாரணையில இத யாரும் சொல்லல. நானும் சொல்லல."

அந்த அம்மா கேட்டு முடித்தாள். "இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றீங்க?"

"உண்மை உங்களுக்குத் தெரியணும்னுதான்…"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகணும்?" குரல் உயரவில்லை. "வண்டியில நீங்க ரெண்டு பேர் இருந்தீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர்கூடப் பாக்கல. அவர் சொன்னாரு, நீங்க சொன்னீங்கன்னு உங்க வீட்டுப் பஞ்சாயத்தத் தூக்கிக்கிட்டு என் வாசலுக்கு வராதீங்க. எம் பொண்ணு இன்னைக்கும் கார்க் கதவ மூடினா அலறுது. அதுக்கு யார் பாக்கலைன்னா என்ன?"

விசிலக்கா கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளிருந்து ஒரு சின்னக் குரல், "யாரும்மா?" என்றது.

"யாருமில்ல" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா உள்ளே போனாள். உள்கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

பாரத்தை இறக்கிவைக்கத்தான் விசிலக்கா அங்கே போனாள். இறக்கிவைக்கிற இடம் அதுவல்ல என்று தெருமுனைக்கு வருவதற்குள் புரிந்துவிட்டது. தான் நிரபராதி என்று ஒருத்தி வாயாலாவது கேட்க ஆசைப்பட்டிருக்கிறாள், அதுவும் அந்தக் குழந்தையின் அம்மா வாயால். தன்னை நினைத்தே அவளுக்கு வெட்கமாக இருந்தது. விசாரணை அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கும் தனக்கும் அப்படி ஒன்றும் பெரிய தூரம் இல்லை.

மறுநாள் மேலாளர் தாளைப் பார்த்துவிட்டுக் கைகொடுத்தார். பிறகு இன்னொரு தாளை நகர்த்தினார்.

"பெத்தவங்க கேப்பாங்க. அதுக்காக ஒரு உறுதிமொழி. பழைய டிரைவர் எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கிட்டயோ கொட்டகைக்குள்ளயோ வரமாட்டார்னு நீ எழுதித் தரணும். உன் புருஷன்தான், எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. யோசிச்சு நாளைக்குக் குடு."

"பேனா குடுங்க சார்" என்றாள்.

அவள் கையெழுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்து மேலாளரே ஒரு கணம் திகைத்தார். அந்தத் தாளின் நகலை வீட்டு மேஜைமேல் வைத்தாள். கணவர் நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று அவளுக்குத் தோன்றியது. மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "சோறு இருக்கா?" என்று மகளிடம் கேட்டார். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் நடுவே பேச்சு வேண்டுமென்றால் மகள் வழியாகத்தான். அவள் பரிமாறுவாள், அவர் சாப்பிடுவார். உனக்காகத்தான் வேலையை விட்டேன் என்ற பேச்சு மட்டும் சுத்தமாக நின்றுபோயிற்று. அது நின்ற பிறகு அந்த வீட்டில் பேச எதுவுமே இல்லை என்று தெரிந்தது.

தெருவில் செய்தி பரவியது. சனிக்கிழமை மளிகைக்கடையில் அவள் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது கணவரும் எதற்கோ வந்து நின்றார். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"என்ன டிரைவரே, வீட்டம்மா உங்க சீட்டப் பிடிச்சுட்டாங்களாமே! எல்லாம் உங்க பயிற்சிதானே?"

"பின்னே?" என்றார் அவர். "பதினாலு வருஷ அனுபவம்ல. அஞ்சு ஞாயித்துக்கிழமை, விடாம சொல்லிக்குடுத்தேன்."

கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க."

"ஆமாண்ணே" என்றாள் விசிலக்கா. "மொதல் தடவ இவர் சொல்லிக்குடுத்துப் போனேன். பெயில் ஆயிட்டேன். ரெண்டாவது தடவ நானாப் போனேன்."

கடைக்காரர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு தொடையில் தட்டிச் சிரித்தார். கணவரும் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அவர் கூட வரவில்லை.

திங்கட்கிழமை முதல் ஓட்டம். நாற்பத்துமூன்று பிள்ளைகள். "விசிலக்கா வண்டி ஓட்டறாங்கடா!" என்று ஏறும்போதே கூச்சல். புதிதாக வந்த உதவியாளர் பெண் அவர்களை அடக்கிக்கொண்டிருந்தாள். வண்டி சொன்னபடி கேட்டது. வளைவுகளில் பின்சக்கரம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரென்பதும் ஒவ்வொரு வளைவிலும் ஞாபகம் வந்தது, பிடிக்காமலே.

அவர் வேலை செய்கிற வண்டி நிறுத்துமிடம் அந்த வழியில்தான். ஏழேமுக்கால் மணிக்கு நான்காம் எண் அதைத் தாண்டியாக வேண்டும். முதல் வாரம் முழுக்க அந்த நேரத்தில் தகரப் பெட்டி காலியாக இருந்தது. இரண்டாவது வாரம் அவர் இருந்தார். தலையைக் குனிந்து ஒரு ஸ்கூட்டர்காரனுக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். சிக்னல் விழுந்து, வண்டி அவருக்கு நேராகவே நிற்க வேண்டிவந்தது. அவர் நிமிரவில்லை. அவளும் ஹாரன் அடிக்கவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தாள்.